செம்புக் கம்பியின் பங்கீடு: தொலைபேசி இணைப்பகத்தின் 48 வோல்ட்டிலிருந்து ஈதர்நெட் மின்வழங்கல் வரை

ஆய்வுச் சுருக்கம்

செய்தியைச் சுமக்கும் கம்பியே கருவிக்கான மின்சாரத்தையும் சுமக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசியில் வேரூன்றி, 2003இல் ஈதர்நெட் தரநெறியில் மீண்டும் இடம்பெற்றது. இரண்டிலும் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்டமே பயன்படுவதால், பின்னது முன்னதன் நேர்த்தொடர்ச்சி என்று கருதப்படுவதுண்டு. அக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. மின்னழுத்தம் தொடர்ந்தது, மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி தொடரவில்லை என்பது இதன் முடிவு. கம்பி தரும் அளவான மின்சாரத்திற்குள் ஒரு கருவி எவ்வளவு பணி செய்ய இயலும் என்பதை மின்னாற்றல் மாற்றத்தின் திறனே தீர்மானித்தது என்பதும் கணக்கீடுகளின் வழி நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொது மின்கலத் தொகுதி, 48 வோல்ட், ஈதர்நெட் மின்வழங்கல், நிலைமாற்று மின்சுற்று, மின்திறன், கார்டெக்ட்

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றில் செய்தித்தொடர்பும் மின்வழங்கலும் பெரும்பாலும் தனித்தனி இயல்களாகவே எழுதப்படுகின்றன. ஆனால், கருவியின் முன் நிற்கும் பயனருக்கு இரண்டும் ஒன்றே. மின்சாரம் இல்லாத தொலைபேசி, செய்தி வராத தொலைபேசியே ஆகும். எனவே, கம்பியின் மறுமுனையில் உள்ள கருவிக்கு மின்சாரம் தருவது யார் பொறுப்பு என்ற வினா, இத்துறையின் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கிறது. அவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இக்கட்டுரை நான்கு கட்டங்களாகப் பகுத்து ஆராய்கிறது. கட்டுரையில் இடம்பெறும் கணக்கீடுகள் தரநெறிகளின் எல்லை மதிப்புகளையும் செம்பின் மின்தடையையும் அடிப்படையாகக் கொண்டவை.

1. வீட்டு மின்கலத்திலிருந்து பொது மின்கலத் தொகுதிக்கு

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் உருவாக்கிய தொலைபேசி, குரலின் ஆற்றலையே மின்குறிகையாக மாற்றியது. அக்குறிகை மிகவும் வலுக்குறைந்தது. அடுத்து வந்த கரிம ஒலிவாங்கி வேறு முறையில் இயங்கியது. அதில் குரலுக்கேற்பக் கரிமத்தின் மின்தடை மாறும். அதன் ஊடாகச் செல்லும் நேர்மின்னோட்டமும் அதற்கேற்ப மாறும். குறிகை வலுப்பெற்றது, ஆனால் அதற்கு நிலையான மின்னோட்டம் ஒன்று தேவைப்பட்டது.

தொடக்கத்தில் அந்த மின்னோட்டத்தை ஒவ்வொரு வீட்டிலும் வைக்கப்பட்ட லெக்லாஞ்சே வகை மின்கலம் தந்தது. இணைப்பகத்தை அழைக்க, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் சிறு மின்னாக்கி இருந்தது. மின்கலம் தீர்ந்தால் பணியாளர் நேரில் சென்று மாற்ற வேண்டும். பயனர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தபோது, இப்பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

1890களில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த பொது மின்கலத் தொகுதி இச்சுமையை அகற்றியது. வீடுகளில் இருந்த மின்கலங்கள் நீங்கின. இணைப்பகத்தில் ஒரே பெரிய ஈய அமில மின்கலத் தொகுதி அமைந்தது. பயனர் ரிசீவரை எடுத்தவுடன் சுற்று மூடி மின்னோட்டம் பாயும். அதுவே அழைப்புக்கான அறிவிப்பும் ஆயிற்று. ஒரே இணைக் கம்பி, குரல், அறிவிப்பு, மின்சாரம் ஆகிய மூன்றையும் சுமந்தது.

ஈய அமில மின்கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 2 வோல்ட். 24 கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். தொடக்ககால இணைப்பகங்களில் 24 வோல்ட் தொகுதிகளும் இருந்தன. கம்பிகள் நீண்டபோது 48 வோல்ட் நிலைபெற்றது. தொகுதியின் நேர்முனை புவியோடு இணைக்கப்பட்டதால், கம்பி புவியை நோக்க எதிர்மின்னழுத்தத்தில் இருந்தது. ஈரம் புகுந்த இடங்களில் மின்வேதி அரிப்பால் செம்பு கரைவதை இது குறைத்தது.

48 வோல்ட் மனிதப் பாதுகாப்புக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற விளக்கம் பரவலாக உண்டு. நேர்மின்னோட்டத்திற்கு 60 வோல்ட் என்ற பாதுகாப்பு எல்லை நெறியாக வகுக்கப்பட்டது பிற்காலத்தில்தான். கலங்களின் எண்ணிக்கை, கம்பியின் நீளம், ஒலிவாங்கியின் தேவை ஆகியவற்றின் இசைவில் 48 வோல்ட் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. தொட்டால் பேரிடர் விளைவிக்காத அளவாக அது அமைந்தது பின்னாளில் பெரும்பயன் தந்தது. அப்பயனைத் தோற்றக் காரணமாகக் கொள்வது காலமுறைப் பிழையாகும்.

2. பத்தில் ஒரு பங்கு: தொலைபேசியின் மின்கணக்கு

பொது மின்கலத் தொகுதி எவ்வளவு மின்சாரத்தைப் பயனரிடம் சேர்த்தது? 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியில், போகவும் வரவுமாக ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 274 ஓம் மின்தடை உண்டு. பெல் அமைப்பு பின்பற்றிய 1300 ஓம் என்ற எல்லையின்படி, இக்கம்பியில் ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர் தொலைவு வரை செல்லலாம். இணைப்பகத்தின் உள்தடையை 400 ஓம் என்றும் தொலைபேசியின் தடையை 200 ஓம் என்றும் கொண்டால், மொத்தம் 1900 ஓம். 48 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 25 மில்லி ஆம்பியர். இணைப்பகம் தரும் 1.2 வாட்டில், தொலைபேசியைச் சேர்வது 0.13 வாட் மட்டுமே. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வழியிலேயே வெப்பமாகிறது.

திறன் என்ற அளவுகோலில் இது மிகத் தாழ்ந்த நிலை. எனினும் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் நேர்மின்னோட்டம் பாய்வதில்லை. பேசும் நேரத்தில் மட்டுமே இழப்பு நேர்ந்தது என்பது இதற்கு முதற் காரணம். பெற்ற 0.13 வாட்டே கரிம ஒலிவாங்கிக்குப் போதுமானதாக இருந்தது என்பது மற்றொன்று. 1963இல் அமெரிக்காவில் அறிமுகமான பொத்தான் தொலைபேசியும் இப்பங்கிற்குள்ளேயே அடங்கியது. அதன் ஒலிக்குறிகளை எழுப்பிய டிரான்சிஸ்டர் சுற்று, கம்பியில் வந்த மின்சாரத்தைக் கொண்டே இயங்கியது.

இவ்வமைப்பின் சமூகப் பயன் மின்தடைக் காலத்தில் வெளிப்பட்டது. இணைப்பகத்தின் மின்கலங்களும் அவற்றைத் தாங்கும் மின்னாக்கிகளும் இயங்கும் வரை, ஊர் இருளில் மூழ்கினாலும் தொலைபேசி ஒலித்தது. மருத்துவரையோ தீயணைப்பு நிலையத்தையோ அழைக்க வீட்டில் மின்சாரம் இருக்க வேண்டியதில்லை. பயனர் கேட்டுப் பெறாத, தனியே விலை குறிக்கப்படாத ஓர் உறுதிமொழியாக இது இருந்தது.

அவ்வுறுதியின் முதல் விரிசல் கம்பியில் அன்றிக் கருவியில் தோன்றியது. கம்பியில்லாக் கைக்கருவி, பதிவுக்கருவி, மோடம் ஆகியவை 0.13 வாட்டில் இயங்க இயலாதவை. அவை சுவரில் செருகும் தனி அடாப்டரை நாடின. வீட்டு மின்சாரம் நின்றால் அவையும் நின்றன. கம்பியில் மின்சாரம் இருந்தும் பேச இயலாத நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

3. மாற்றத்தின் திறன்: இடைப்பட்ட புரட்சி

கம்பி வழி மின்சாரம் மீண்டும் பயன்தர வேண்டுமானால், உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பி, கருவியில் இழப்பின்றித் தாழ்த்த வேண்டும். நுண்செயலிகளுக்குத் தேவை 5 வோல்ட், பின்னர் 3.3 வோல்ட், அதனினும் குறைவு. 48 வோல்ட்டை நேரியல் ஒழுங்குபடுத்தியால் 3.3 வோல்ட்டாகத் தாழ்த்தினால், எஞ்சிய 44.7 வோல்ட்டும் வெப்பமாகவே வெளியேறும். திறன் 7 விழுக்காடு மட்டுமே. 1 வாட் பயன்பாட்டுக்கு 13.5 வாட் வெப்பம் பிறக்கும்.

நிலைமாற்று மின்சுற்று இத்தடையை நீக்கியது. இதில் டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்த நிலையிலோ முழுவதும் மூடிய நிலையிலோ இருக்கிறது. திறந்த நிலையில் மின்னோட்டம் இல்லை. மூடிய நிலையில் அதன் இருமுனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லை. இரு நிலைகளிலும் இழப்பு சிறிது. நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழும் இம்மாற்றத்தால் நறுக்கப்படும் ஆற்றலைத் தூண்டுசுருளும் மின்தேக்கியும் சேர்த்துச் சீராக்குகின்றன. இக்கருத்து முன்பே அறியப்பட்டிருந்தாலும், 1970களில்தான் பரவலான நடைமுறைக்கு உரியதாயிற்று. 1976இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மிடில்புரூக், சுக் ஆகியோர் வெளியிட்ட சராசரியாக்க முறை, இச்சுற்றுகளின் நடத்தையை முன்கூட்டிக் கணிக்கும் பொதுக் கணித வடிவத்தைத் தந்தது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியின் மின்வழங்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அப்பத்தாண்டின் இறுதியில் வந்த ஆற்றல் மாஸ்ஃபெட்டுகள் நிலைமாற்றத்தின் வேகத்தை மேலும் உயர்த்தின.

இதற்கு இணையாக வலையமைப்பிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1973இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஈதர்நெட், முதலில் தடித்த ஓரச்சு வடத்தில் இயங்கியது. 1990இல் வகுக்கப்பட்ட 10பேஸ்-டி தரநெறி அதனைத் தொலைபேசிக்கு உரிய முறுக்கிய இணைக் கம்பிக்கு மாற்றியது. அலுவலகச் சுவர்களில் தொலைபேசிக் கம்பியும் கணினிக் கம்பியும் ஒரே வகையினவாயின. இணைய நெறிமுறையில் பேசும் தொலைபேசிகள் 1990களின் இறுதியில் வந்தபோது, ஒரு முரண் வெளிப்பட்டது. பழைய தொலைபேசிக்குக் கம்பி ஒன்றே போதும். புதியதற்குக் கம்பியும் அடாப்டரும் வேண்டும். அலுவலக மின்சாரம் நின்றால் புதியது பேசாது. பழையதை அகற்றிப் புதியதை வாங்குமாறு கோருவதற்கு இது பெருந்தடையாக இருந்தது.

4. 2003: பங்கீட்டின் நெறி

1999இல் ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.3 குழுவில் இதற்கான பணி தொடங்கியது. சிஸ்கோ நிறுவனம் தன் சொந்த முறையை 2000இல் வெளியிட்டது. 2003 சூனில் 802.3 ஏ.எஃப். தரநெறி ஏற்கப்பட்டது. அதன் எண்கள் தற்செயலானவை அல்ல. மின்வழங்கு கருவி குறைந்தது 44 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர் தர வேண்டும், அதாவது 15.4 வாட். 100 மீட்டர் வடத்தின் சுற்றுத்தடை 20 ஓம் எனக் கொள்ளப்பட்டது. அதில் 7 வோல்ட் குறைந்து, 37 வோல்ட் மறுமுனையைச் சேரும். எனவே மின்பெறு கருவியின் உச்சப் பங்கு 12.95 வாட். வழியில் இழப்பது 16 விழுக்காடு. தொலைபேசிக் கம்பியில் பத்தில் ஒன்பது பங்கு இழக்கப்பட்ட கணக்கோடு இதனை ஒப்பிட்டால், தொலைவு சுருங்கியதன் பயன் புலப்படும்.

இத்தரநெறியில் பழைய முறையின் கூறுகள் பல உள்ளன. மின்னழுத்தம் அதே வரம்பில் உள்ளது. தரவு செல்லும் இரு இணைகளின் மின்மாற்றி நடுமுனைகள் வழியாக மின்சாரம் செலுத்தப்படும் உத்தி, தொலைபேசித் துறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்திருந்த மாயச்சுற்று என்னும் கருத்தின் மறுபயன்பாடாகும்.

புதிய கூறுகளும் சமமாக முதன்மை பெறுகின்றன. பழைய இணைப்பகம் தன் கம்பியில் எப்போதும் 48 வோல்ட்டை வைத்திருந்தது; ஏனெனில் மறுமுனையில் இருப்பது தொலைபேசியே என்பது உறுதி. ஈதர்நெட் வடத்தின் மறுமுனையில் மின்சாரம் ஏற்காத பழைய கணினியும் இருக்கலாம். ஆகவே மின்வழங்கு கருவி முதலில் 10 வோல்ட் அளவுக்கு மேற்படாத சிறு மின்னழுத்தத்தைச் செலுத்தி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை உள்ளதா எனச் சோதிக்கிறது. அந்த அடையாளம் கிடைத்தால் மட்டுமே முழு மின்னழுத்தம் வழங்கப்படும். அடுத்து, கருவி தன் தேவைக்குரிய வகுப்பை அறிவிக்கலாம். தொலைபேசி இணைப்பகத்தின் நேர்முனை புவியோடு இணைந்திருந்தது; இங்கோ மின்சுற்று புவியிலிருந்து 1500 வோல்ட் தாங்கும் மின்தனிமை பெற்றிருக்க வேண்டும். பொதுவாகத் திறந்து வைக்கப்பட்ட மின்சாரம், அடையாளம் காட்டிப் பெறும் பங்கீடாக மாறியது எனலாம்.

பங்கு 12.95 வாட் என வரையறுக்கப்பட்டதும், மாற்றுச்சுற்றின் ஒவ்வொரு விழுக்காடும் கருவியின் செயல்பாடாக எண்ணப்பட்டது. எந்த முனைவாட்டத்திலும் மின்சாரம் வரலாம் என்பதால் கருவியின் நுழைவாயிலில் டையோடு பாலம் வேண்டும். பாதையில் உள்ள இரு டையோடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 வோல்ட்டை விழுங்கும். 350 மில்லி ஆம்பியரில் இது 0.49 வாட். எஞ்சும் 12.46 வாட்டை 80 விழுக்காடு திறனுள்ள மாற்றுச்சுற்று கையாண்டால், கருவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 வாட். டையோடுகளுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் பாலம் அமைத்து, மாற்றுச்சுற்றின் வெளிப்பக்கத்திலும் டையோடை நீக்கி மாஸ்ஃபெட்டை இசைவாக இயக்கி, திறனை 90 விழுக்காடாக உயர்த்தினால், கிடைப்பது ஏறத்தாழ 11.6 வாட். வேறுபாடு 1.6 வாட். பழைய தொலைபேசி பெற்ற 0.13 வாட்டோடு ஒப்பிட்டால் இது 12 மடங்கு. மின்கட்டணத்தில் இதன் மதிப்பு மிகச் சிறிது. ஆனால் ஒரு கண்காணிப்புக் கேமராவில் கூடுதல் செயலி இடம்பெறுமா என்பதை இவ்வேறுபாடு தீர்மானிக்கும். மேலும், மூடிய சிறு பெட்டிக்குள் இழப்பு என்பது வெப்பம். வெப்பம் என்பது ஆயுட்குறைவு.

2009இல் 802.3 ஏ.டி. தரநெறி 30 வாட்டையும், 2018இல் 802.3 பி.டி. தரநெறி நான்கு இணைகளையும் பயன்படுத்தி 90 வாட்டையும் அனுமதித்தன. பின்னதில் 52 வோல்ட்டில் ஏறத்தாழ 1.73 ஆம்பியர் பாய்கிறது, இணைத்தடை 6.25 ஓம், இழப்பு 18.7 வாட், கருவியைச் சேர்வது 71.3 வாட். கம்பியின் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பங்கு பெருகப் பெருக வடமே எல்லையாகிறது.

மறுமுனையில் உணரிகள் போன்ற சிறு கருவிகளுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. 2003இன் நெறிப்படி, தான் இணைந்திருப்பதை உணர்த்தக் கருவி 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 325 மில்லி நொடிகளில் 75 மில்லி நொடியேனும் இழுக்க வேண்டும். வேறு பணியே இல்லாவிடினும், சராசரியாக 0.11 வாட் இதற்கே செலவாகும். பேசும்போது பழைய தொலைபேசி பெற்ற முழுப்பங்கும் ஏறத்தாழ இதே அளவு என்பது கருதத்தக்கது. 2018இன் நெறி இக்காலத்தை 7 மில்லி நொடி அளவுக்குக் குறைத்து, அச்செலவைப் பத்தில் ஒரு பங்காக்கியது.

5. இடைவெளியும் சென்னை முயற்சிகளும்

ஈதர்நெட் தரநெறி மின்னழுத்தம், மின்னோட்டம், அடையாளம் அனைத்தையும் வரையறுக்கிறது. மின்வழங்கு கருவியின் பின்னால் மின்கலம் இருக்க வேண்டும் என அது கூறவில்லை. அலுவலகத்தில் தடையிலா மின்வழங்கி வைப்பது உரிமையாளரின் விருப்பம். வீடுகளிலோ செம்பை அகற்றி ஒளியிழை இடப்படுகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே, இணைப்பகம் தந்த உறுதி வீட்டு வாயிலில் முடிவடைகிறது. இவ்விழப்பை ஒழுங்குமுறை அமைப்புகள் காலந்தாழ்ந்தே எதிர்கொண்டன. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2015இல், 8 மணி நேர மாற்று மின்வசதியை வாடிக்கையாளர் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என ஆணையிட்டது. பிரித்தானியாவின் ஆஃப்காம் 2018இல், தொலைபேசியை மட்டுமே நம்பியிருக்கும் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 1 மணி நேரம் அவசர அழைப்பு இயல வேண்டும் என வழிகாட்டியது. முன்பு பொதுவாக இருந்த உறுதி, முன்னதில் விலைக்குரிய பொருளாகவும் பின்னதில் காலவரையறைக்கு உட்பட்ட சலுகையாகவும் சுருங்கியது.

இவ்வினாவைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வேறு கோணத்தில் அணுகியுள்ளது. அங்கு 1990களில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பில், சிறு தளநிலையங்களுக்குத் தேவையான மின்சாரம், குறிகை செல்லும் அதே முறுக்கிய செம்பு இணைகளின் வழியாகவே அனுப்பப்பட்டது. தெருமுனைக் கம்பத்தில் உள்ள கருவிக்குத் தனி மின்னிணைப்பும் மின்கலமும் தேவைப்படாததால், மின்வெட்டு மிகுந்த சூழலுக்கு இது ஏற்புடையதாயிற்று. 2010களில் அதே குழு, வீடுகளுக்குச் சிறிதளவு மின்சாரத்தை 48 வோல்ட் நேர்மின்னோட்டமாக எப்போதும் கிடைக்கச் செய்யும் திட்டத்தை முன்வைத்தது. சூரியத் தகடு, மின்கலம், எல்இடி விளக்கு, தூரிகையற்ற மின்விசிறி ஆகிய அனைத்தும் நேர்மின்னோட்டத்திற்கு உரியவை. இடையில் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி மீட்பதால் நேரும் இழப்பைத் தவிர்த்தால், சிறிய பங்கும் ஒரு வீட்டின் அடிப்படைத் தேவைக்குப் போதும் என்பது அதன் வாதம். குறைந்த அளவு, ஆனால் தடையற்ற மின்சாரம் என்ற பொது மின்கலத் தொகுதியின் நெறியை, திறன்மிக்க மாற்றத்தின் துணையால் மீட்கும் முயற்சியாக இதனைக் காணலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தொலைபேசிக்கும் ஈதர்நெட் மின்வழங்கலுக்கும் இடையிலான தொடர்ச்சி மின்னழுத்தத்திலும் கம்பி உத்தியிலும் உண்டு. மின்சாரத்தை வழங்கும் முறையில் இல்லை. முன்னது திறந்து வைக்கப்பட்ட பொது வளம். பின்னது அடையாளத்திற்கும் அளவுக்கும் உட்பட்ட பங்கீடு. இரண்டாவதாக, இத்துறையில் மாற்றுத்திறன் வளர்ந்ததற்கு மின்சேமிப்பைவிட, வரையறுக்கப்பட்ட பங்கிற்குள் கூடுதல் பணியை அடக்க வேண்டிய தேவையே முதன்மைக் காரணமாகும். மூன்றாவதாக, திறன் பெருகியதால் உறுதி பெருகவில்லை. பத்தில் ஒன்பது பங்கை வீணாக்கிய பழைய கம்பி இருளில் பேசியது. ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு சேர்க்கும் புதிய கம்பி, பின்னால் மின்கலம் இல்லையெனில் அமைதியாகிவிடும். திறன் பொறியியலின் விடை. உறுதி பொறுப்பேற்போரின் விடை. வலையமைப்புக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் தரநெறியின் எண்களோடு, அந்த எண்களுக்குப் பின்னால் மின்கலத்தை வைத்தவர் யார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.